விஎம் டிஸ்க்குக்குக் கீழே எதைப் போடுவது?

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. ஒருமுறை காசு கொடுத்தால் காலம் முழுக்க ஓட்டலாம் என்றிருந்த உரிமங்களின் விற்பனை அடுத்த மாதமே நின்றது. அதிலிருந்து என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "ப்ராக்ஸ்மாக்ஸ் போடப்போறேன், டிஸ்க்குக்கு எதை செலக்ட் பண்ணட்டும்?"

கேட்பவர்கள் புதியவர்கள் கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஓட்டிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஆனால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. டிஸ்க்கை இணைத்தால் அதன்மேல் விஎம்எஃப்எஸ் வந்து உட்காரும். விஎம்களைப் போட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட ஃபைல் சிஸ்டம் அது. லினக்ஸ்மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்ததும் இன்ஸ்டாலர் ஆரம்பத்திலேயே எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று பட்டியலை நீட்டுகிறது. இசட்எஃப்எஸ்ஸைத் தொட்டால் மிரர், ரெய்டு10, ரெய்டுஇசட் 1, 2, 3 என்று அதற்குள் இன்னொரு பட்டியல். நெட்டில் தேடினால் பெஞ்ச்மார்க் படங்கள் வந்து விழும். ஒருவர் படத்தில் இது முந்தும், இன்னொருவர் படத்தில் அது முந்தும்.

நான் வேகத்தை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது அடுக்குகளை.

விஎம்முக்குள் ஏற்கெனவே ஒரு ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் பெரும்பாலும் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ். கோப்பின் பெயர், அனுமதி, ஜர்னல் எல்லாம் அதன் பொறுப்பு. உள்ளே ஒரு போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, ஒரு வரியை மாற்றுகிறது என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸ் முதலில் தன் லாகில் எழுதும், பிறகு டேபிளில் எழுதும். கெஸ்டின், அதாவது விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸின், எக்ஸ்ட்4 அதற்கான மெட்டாடேட்டாவைத் தன் ஜர்னலில் எழுதும். விஎம்மின் டிஸ்க் ஒரு கியூகவ்2 கோப்பு என்றால் அது தன் அட்டவணையைத் திருத்தும். அந்தக் கோப்பு இசட்எஃப்எஸ்மேல் இருந்தால், அது பழைய பிளாக்கைத் தொடாமல் புது இடத்தில் எழுதிவிட்டு, வேர்வரைக்கும் சுட்டிகளை மாற்றிக்கொண்டு போகும். ஒரு வரிக்கு இத்தனை கூத்து!

அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான். ஸ்நாப்ஷாட் எடுப்பதையும், இடம் ஒதுக்குவதையும், பழையதைத் தொடாமல் புது இடத்தில் எழுதுவதையும் எந்த அடுக்கு செய்யப்போகிறது? ஒரே ஒரு அடுக்கைக் காட்டுங்கள். இரண்டைக் காட்டினால் அங்கேதான் தொந்தரவு ஆரம்பம்.

மிக எளிய அமைப்பில் இந்த வேலை கோப்பிடம் போகிறது. கீழே எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ், அதன்மேல் விஎம்முக்கு ஒரு கியூகவ்2. இதைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. கோப்பு என்பதால் காப்பி அடிக்கலாம், இன்னொரு சர்வருக்கு அனுப்பலாம், என்எஃப்எஸ்ஸில் வைக்கலாம். நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டாலும் அந்த டிஸ்க்கை எந்த லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் படிக்கலாம். கியூகவ்2 மெதுவாக ஓடும் என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் பழைய காலத்துக் கதை. அது டிஸ்க்கை 64 கேபி துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். அந்த அட்டவணைக்கு, விஎம்மை ஓட்டும் க்யூஇஎம்யூ முன்பு 1 எம்பி கேஷ்தான் கொடுத்தது. 8 ஜிபி டிஸ்க் வரைக்கும்தான் அது போதும். அதற்கு மேல் போனால் அட்டவணையையே டிஸ்க்கிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். க்யூஇஎம்யூ 3.1இலிருந்து அந்த உச்சவரம்பு 32 எம்பி ஆனது. 256 ஜிபி டிஸ்க்குக்கு அது தாங்கும். 2 டிபி டிஸ்க் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைக் கையால் கூட்டிக்கொள்ளலாம்.

எக்ஸ்ட்4ஆ, எக்ஸ்எஃப்எஸ்ஸா? இதற்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது, எக்ஸ்ட்4ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுச் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ரீஃப்ளிங்க் இருப்பதால் 40 ஜிபி டெம்ப்ளேட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நகல் எடுக்கலாம். டெம்ப்ளேட்டிலிருந்து நிறைய விஎம் போடுபவர் என்றால் எக்ஸ்எஃப்எஸ். மற்றவர்கள் பழகியதையே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எல்விஎம். இங்கே நடுவில் ஃபைல் சிஸ்டமே கிடையாது. டிஸ்க்கிலிருந்து ஒரு பகுதியை வெட்டி நேராக விஎம் கையில் கொடுத்துவிடுகிறோம். சாதாரண எல்விஎம்மில் 100 ஜிபி கேட்டால் 100 ஜிபி அப்போதே போய்விடும். வேகத்தில் குறையே சொல்ல முடியாது, ஏனென்றால் நடுவில் வேலை செய்ய ஆளே இல்லை. ஆனால் அதன் பழைய பாணி ஸ்நாப்ஷாட் பாவப்பட்டது. ஸ்நாப்ஷாட் எடுத்தபின் மூல டிஸ்க்கில் ஒரு துண்டை முதல்முறை மாற்றும்போது, பழைய துண்டைப் படித்து, ஸ்நாப்ஷாட் இடத்தில் எழுதி, பிறகுதான் புதியதை எழுதும். நாலு ஸ்நாப்ஷாட் இருந்தால் இதே வேலை நாலு முறை. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அந்த ஸ்நாப்ஷாட் செல்லாக்காசு. பேக்கப் ஓடும் அரைமணி நேரத்துக்கு எடுத்து, முடிந்ததும் அழிக்க மட்டுமே அது லாயக்கு.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் எல்விஎம் தின். லினக்ஸ் 3.2இல், 2012இல் உள்ளே வந்தது. ப்ராக்ஸ்மாக்ஸில் எக்ஸ்ட்4 என்று தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டு போனால் உங்கள் விஎம்கள் போய் உட்காரும் இடம் இதுதான். எக்ஸ்ட்4 என்பது ஹோஸ்டின் சொந்த வீட்டுக்கு மட்டும். இதைத் தெரியாமலே பலர் வருடக்கணக்கில் தின் பூலில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்நாப்ஷாட் மலிவு, வேகம் நன்று, விஎம்முக்கு 200 ஜிபி என்று சொல்லிவிட்டு அது எழுதிய அளவுக்கு மட்டும் இடம் கொடுக்கலாம். 500 பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு 300 இலைக்குச் சமைப்பது மாதிரி. பெரும்பாலான முகூர்த்தங்களில் கணக்கு சரியாகவே வரும்.

வராத நாளில் என்ன ஆகும் என்பதைத்தான் படித்து வைத்திருக்க வேண்டும். பூல் நிரம்பினால், கெஸ்டுக்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் டிஸ்க்கில் பாதி காலியாகத்தான் இருக்கும். கர்னல் இயல்பாக 60 விநாடி எழுத்துகளை நிறுத்தி வைத்துப் பார்க்கும், யாராவது இடம் கொடுக்கிறார்களா என்று. கொடுக்காவிட்டால் பிழையைத் திருப்பிவிடும். அந்தப் பூலில் புது இடம் கேட்டு எழுத வந்த எல்லா விஎம்முக்கும் ஒரே நேரத்தில் இந்த அடி விழும். நன்றாக நடந்துகொண்ட விஎம், கெட்ட விஎம் என்ற பேதமே கிடையாது. இதைவிட மோசமானது, பூலின் மெட்டாடேட்டா பகுதி நிரம்புவது. டேட்டாவில் இடம் இருந்தாலும் மெட்டாடேட்டா நிரம்பினால், ரிப்பேர் கட்டளைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பூல் தானாக விரியும் வசதி எல்விஎம்மில் உண்டு. ஆனால் அதற்கான வரம்பு 100 என்று வருகிறது. அந்த மதிப்புக்கு வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை 80 என்று மாற்றி, விரிவதற்கு வால்யூம் குரூப்பில் கொஞ்சம் இடத்தைத் தொடாமல் விட்டு வையுங்கள். டிஸ்க் முழுவதையும் பூலுக்கே கொடுத்துவிட்டால் எங்கே விரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் பூல் நிரம்பியதற்குக் காரணம் யாரும் புதிதாக எதையும் போட்டது அல்ல. கெஸ்டுக்குள் தினமும் ஒரு பெரிய டம்ப் எழுதி, முந்தைய நாள் டம்ப்பை அழித்துக்கொண்டிருந்தார்கள். கெஸ்ட் அழித்தது ஹோஸ்டுக்குத் தெரியவில்லை. விஎம் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டு என்ற டப்பாவை டிக் செய்து, கெஸ்டுக்குள் எஃப்எஸ்ட்ரிம் வாரம் ஒருமுறை ஓடினால்தான் அந்த இடம் பூலுக்குத் திரும்பும். எல்விஎம் தின், கியூகவ்2, இசட்எஃப்எஸ் எல்லாவற்றுக்கும் இது பொது. புதிதாக விஎம் போடும்போது மறக்காமல் தட்டுங்கள், இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

இனி இசட்எஃப்எஸ். இதற்கு ரசிகர் மன்றமே உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரன்ஸ் ஆகியோர் 2001இல் ஆரம்பித்த வேலை இது. 2005இல் ஓப்பன்சோலாரிஸில் மூலநிரல் வெளியானது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியபின் ஓப்பன்இசட்எஃப்எஸ் தனி வழியில் வளர்ந்தது. ரெய்டு, வால்யூம் மேனேஜர், ஃபைல் சிஸ்டம் மூன்றையும் ஒரே அடுக்காக்கியதுதான் அதன் சாதனை. அடுக்கைக் குறைக்கச் சொல்லும் எனக்கு இது பிடிக்காமல் போகுமா? விஎம்முக்கு இது ஒரு இசட்வாலைக் கொடுக்கும். அது பார்க்க எல்விஎம் பகுதி மாதிரியே ஒரு பிளாக் டிவைஸ். நடுவில் கோப்பு கிடையாது. இசட்வாலை விட்டுவிட்டு டேட்டாசெட்டில் கியூகவ்2 போடுபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண டேட்டாசெட்டின் ரெக்கார்டு அளவு 128 கேபி. அதற்குள் கிடக்கும் கோப்பில் 4 கேபி மாற்றினால் 128 கேபியைப் படித்துத் திருத்தி எழுத வேண்டும். தேவையா இது?

இசட்எஃப்எஸ்ஸை நான் வாங்குவது ஒரே காரணத்துக்காக: ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் உண்டு. டிஸ்க் தப்பான தரவைச் சரி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் எக்ஸ்ட்4 நம்பிவிடும், எல்விஎம் நம்பிவிடும், சாதாரண ரெய்டு1கூட எந்த நகல் சரி என்று தெரியாமல் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடும். இசட்எஃப்எஸ் மிரர் அதைப் பிடித்து, அடுத்த டிஸ்க்கிலிருந்து சரியானதை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். இன்னொரு சர்வருக்கு மாற்றங்களை மட்டும் அனுப்பும் வசதியும் அருமை. ப்ராக்ஸ்மாக்ஸில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விஎம்மை அடுத்த நோடுக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ்தான்.

ஆனால் ரெய்டுஇசட். ஐயோ, ரெய்டுஇசட். ஆறு 4 டிபி டிஸ்க், ரெய்டுஇசட்2, இரண்டு போனாலும் தாங்கும், 16 டிபி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். கோப்புச் சர்வருக்கு அந்தக் கணக்கு சரி. விஎம்முக்கு? இசட்வாலின் பிளாக் அளவு ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2க்கு முன்பு இயல்பாக 8 கேபி. 4 கேபி செக்டர் டிஸ்க்கில் அது இரண்டு செக்டர் தரவு. அதற்கு இரண்டு செக்டர் பாரிட்டி. மொத்தம் நாலு. ரெய்டுஇசட்2 எப்போதும் மூன்றின் மடங்காகத்தான் இடம் எடுக்கும், அதனால் இன்னும் இரண்டு செக்டர் வெறும் நிரப்பி. ஆக 8 கேபி தரவுக்கு 24 கேபி. 24 டிபி வாங்கியவருக்குக் கையில் வருவது 8 டிபி! 1 டிபி விஎம் டிஸ்க் கிட்டத்தட்ட 2 டிபி தின்றதாகப் பூல் காட்டும்போது, பக் என்று நினைத்துப் புகார் எழுதுவார்கள். பக் கிடையாது, கணக்கு. 2.2இல் இயல்பு அளவை 16 கேபி ஆக்கினார்கள். அதே ஆறு டிஸ்க்கில் நாலு தரவு, இரண்டு பாரிட்டி, ஆறு மூன்றின் மடங்கு, எதிர்பார்த்த 16 டிபி கிடைத்துவிடும். ஆனால் பழைய இசட்வாலின் அளவை உருவாக்கியபின் மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி நகர்த்தத்தான் வேண்டும்.

இட விஷயம் தீர்ந்தாலும் இன்னொன்று மிச்சம். ஒரு ரெய்டுஇசட் கூட்டத்தில் எத்தனை டிஸ்க் இருந்தாலும், சிதறிச் சிதறிப் படிக்கும் வேலையில் அது ஏறத்தாழ ஒரு டிஸ்க்கின் வேகத்தைத்தான் தரும். விஎம்கள் செய்வது முழுக்க அந்தச் சிதறல் வேலை. பத்து விஎம் ஒன்றாக அப்டேட் ஆகும் நேரத்தில், சுழலும் டிஸ்க்கில் ரெய்டுஇசட் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். விஎம்முக்கு மிரர் ஜோடிகள்தான். இரண்டிரண்டாகச் சேர்த்து, ஜோடிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். பாதி இடம் போகிறதே என்று புலம்புபவர்களுக்கு மேலே உள்ள 8 கேபி கணக்கை மறுபடி படிக்கக் கொடுப்பேன்.

மெமரி பற்றிய பயம் கொஞ்சம் மிகை. ஏஆர்சி என்ற கேஷ் பழைய பதிப்புகளில் ராமில் பாதிவரைக்கும் எடுத்துக்கொள்ளும். விஎம் சர்வரில் அது விஎம்களோடு சண்டை போடும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1இலிருந்து புது நிறுவல்களில் ராமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டிவிடுகிறார்கள். பழையதிலிருந்து அப்கிரேடு செய்தவர்கள் அவர்களே வரம்பு வைக்க வேண்டும்.

எஸ்எஸ்டி பற்றிய பயம் மட்டும் மிகை அல்ல. கம்ப்யூட்டர் கடையில் லேப்டாப்புக்கு வாங்கும் எஸ்எஸ்டியில் மின்சாரம் போனால் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்காது. தரவுத்தளம் எஃப்சிங்க் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது உண்மையிலேயே ஃப்ளாஷில் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்ட வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. சர்வர் ரக எஸ்எஸ்டி, கெப்பாசிட்டர் இருக்கும் தைரியத்தில், தன் மெமரியில் வாங்கியதுமே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். இசட்எஃப்எஸ் மெதுவாக ஓடுகிறது என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எஸ்எஸ்டி மாடல் நம்பர்தான். பல நேரம் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ரசிகர் மன்றத்தார் கோபப்படக்கூடாது: இசட்எஃப்எஸ்ஸிலும் தரவு கெட்டிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2இல் பிளாக் குளோனிங் என்ற புது வசதியோடு சில கோப்புகளின் நகலில் சுழியங்கள் விழுவதாகத் தெரிந்தது. நவம்பரில் 2.2.1இல் அந்த வசதியை அணைத்தார்கள். தோண்டிப் பார்த்தபோது அடிப்படைப் பிழை அதைவிடப் பழையது, குளோனிங் அதை அடிக்கடி வெளிக்காட்டியது, அவ்வளவே. 2.2.2இலும், பழைய வரிசையில் 2.1.14இலும் திருத்தினார்கள். செக்சம் இதைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் தப்பாக எழுதியதற்குச் சரியான செக்சமே போட்டிருந்தது. பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸைச் சுருக்கமாக முடிக்கிறேன். என் லேப்டாப்பில் பிடிக்கும், விஎம் சர்வரில் பிடிக்காது. விஎம் டிஸ்க் கோப்பு நடுநடுவே திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். புது இடத்தில் எழுதும் ஃபைல் சிஸ்டத்தில் அது சுக்குநூறாகச் சிதறும். அதற்கு மருந்தாக அந்தக் கோப்புறைக்கு, புது இடத்தில் எழுதுவதை நிறுத்தும் நோகவ் போடச் சொல்வார்கள். போட்டால் செக்சம் போய்விடும், கம்ப்ரஷனும் போய்விடும். ரெய்டு1இல் இரண்டு நகலும் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல ஆளில்லை. எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதற்கு எல்விஎம்மே போதுமே. பிகேஷ்எஃப்எஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரியில் 6.7 கர்னலில் வந்தது, 2025இல் கர்னலிலிருந்து வெளியேற்றப்பட்டது. வீட்டு லேபில் விளையாடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சர்வருக்குள் இருக்கும் டிஸ்க்குகளுக்கு. விஎம்வேர் காலத்துச் சான் பெட்டியை வைத்துக்கொண்டு மூன்று நோடுகளை அதில் இணைப்பவர்களுக்கு மேலே சொன்ன பாதி செல்லாது. எல்விஎம் தின் பூலை இரண்டு நோடுகள் ஒரே நேரத்தில் பகிர முடியாது. இசட்எஃப்எஸ் பூலை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இம்போர்ட் செய்தால் பூலே போச்சு. சாதாரண எல்விஎம்தான் பகிர்வதற்கு ஒத்துவரும், ஆனால் அதில் விஎம் ஸ்நாப்ஷாட் எடுக்க ப்ராக்ஸ்மாக்ஸ் விடாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 9 அந்த எல்விஎம் பகுதிக்குள் கியூகவ்2 சங்கிலி போட்டு ஸ்நாப்ஷாட்டைக் கொண்டுவந்தது, முன்னோட்டம் என்ற முத்திரையோடு. விஎம்எஃப்எஸ்ஸிலிருந்து வருபவர்கள் அதிகம் ஏங்கியது இதற்குத்தான்.

சான் இல்லாமல் மூன்று நோடும் நல்ல நெட்வொர்க்கும் இருந்தால், நோடுகளின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் செஃப். அது தனிப் பதிவுக்கான விஷயம். ஒன்று மட்டும் சொல்லலாம்: செஃப் முன்பு தரவைப் பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ்மேல் கோப்புகளாகத்தான் வைத்தது. 2017இல் ப்ளூஸ்டோர் வந்ததும் நடுவில் இருந்த ஃபைல் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு டிஸ்க்கில் நேரடியாக எழுத ஆரம்பித்தார்கள். அடுக்கைக் குறைக்கச் சொல்வது நான் மட்டும் இல்லை.

சரி, எதைப் போடட்டும் என்றால்: சர்வர் ரக எஸ்எஸ்டி இரண்டோ நாலோ, ரெய்டு கார்டு இல்லாமல் நேராக இணைத்திருந்தால் இசட்எஃப்எஸ் மிரர், இசட்வால் 16 கேபி. பேட்டரியோடு நல்ல ரெய்டு கார்டு ஏற்கெனவே இருந்து, அதைக் கழற்ற மனமில்லை என்றால் எல்விஎம் தின். அந்தக் கார்டின்மேல் இசட்எஃப்எஸ் வேண்டாம், டிஸ்க்கை நேரில் பார்க்க முடியாமல் அது தவிக்கும். சாதாரண எஸ்எஸ்டி ஒன்று, நாலைந்து விஎம், தினம் பேக்கப் என்ற சின்ன அலுவலகத்துக்கு எல்விஎம் தின் அல்லது எக்ஸ்ட்4மேல் கியூகவ்2, எது உங்களுக்குப் புரிகிறதோ அது.

எதைப் போட்டாலும் சர்வரை உற்பத்திக்கு விடுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸின் பிவிஇபெர்ஃப் கட்டளையை ஓட்டி விநாடிக்கு எத்தனை எஃப்சிங்க் வருகிறது என்று எழுதி வையுங்கள்; பின்னாளில் 'முன்பு நன்றாக ஓடியது' என்று யாராவது சொல்லும்போது காட்ட ஒரு எண் வேண்டும். பிறகு ஒரு சோதனை விஎம்மிலிருந்து பூலை வேண்டுமென்றே முழுசாக நிரப்புங்கள். எந்த எச்சரிக்கை மெயில் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, மற்ற விஎம்கள் என்ன சொல்கின்றன, எப்படி மீட்கிறோம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விஎம்களை ஏற்றிவிட்டால் அதற்கு அனுமதி தர எந்த மேனேஜரும் முன்வரமாட்டார்.